துக்கம் கேட்கப் போன ஆஸ்பத்திரி

1974 தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, திருவிடந்தைக்குத் தெற்கே கால்வாயின் மேற்குக் கரையில் இருந்த பத்துப் படுக்கை அரசு ஆஸ்பத்திரி எழுந்து, கால்வாயைக் கடந்து, இரண்டு மைல் நடந்து தாழைக்குப்பத்துக்குத் துக்கம் கேட்கப் போனது. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. முறையான சர்க்கார் உத்தரவின் பேரில்தான் போனது.

அந்த ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவள் தனக்கோடி, தாழைக்குப்பத்துக்காரி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய ஒரே மகள் லதாவை, வலி எடுத்து, கயிற்றுக் கட்டிலில் போட்டு அங்கே தூக்கி வந்தார்கள். அன்றைக்கென்று பார்த்து டாக்டர், நர்ஸ் எல்லோரும் செங்கல்பட்டு போயிருந்தார்கள். ஆஸ்பத்திரிகளை எப்படிச் சீர்திருத்துவது என்று டில்லியிலிருந்து வந்த ஆலோசகர்கள் அங்கே கூட்டம் போட்டிருந்தார்கள். தனக்கோடி ஒருத்தியாக நின்று பிரசவம் பார்த்தாள். குழந்தை அழவேயில்லை. சாயங்காலம் திரும்பி வந்தவர்கள், மறுநாள் ஆலோசகர்கள் பார்வையிட வருவதால் தரையைக் கழுவி விடச் சொன்னார்கள். கழுவினாள். சொல்லாத ஜன்னல்களையும் கழுவினாள். மகள் முகத்தைப் பார்க்க முடியாமல் மூன்று நாள் கழுவிக்கொண்டே இருந்தாள், பாவி. அதற்கப்புறம் லதா அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. துக்கத்துக்கு வராத வீட்டின் வாசலை யாரும் மிதிக்க மாட்டார்கள். ஆஸ்பத்திரியையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். பாம்பு கடித்தாலும் பஸ் ஏறிச் செங்கல்பட்டுக்குப் போனார்களே தவிர, கால்வாய்க் கரை ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பவில்லை. படுக்கைகள் காலியாகக் கிடந்தன.

சர்க்கார் மறுபடியும் ஆலோசகர்களைக் கூப்பிட்டது. முதலில் வந்தவர்கள் சுவருக்குப் பச்சை வர்ணம் அடிக்கச் சொன்னார்கள். அடுத்து வந்தவர்கள் மாமல்லபுரம் பஸ் நிலையத்தில் அம்புக்குறி போட்ட பலகை வைத்தார்கள். வெள்ளைக்காரர் இரண்டு பேர் வயிற்றுப்போக்கோடு வந்ததுதான் மிச்சம். மூன்றாவதாக பம்பாயிலிருந்து காசிநாதன் வந்தார். பிஸ்கட் கம்பெனி ஒன்றில் பிஸ்கட் உடையாமலிருக்க வழி சொல்லிப் பேர் வாங்கியவர். பங்குனிக்குள் ஆள் வராவிட்டால் ஆஸ்பத்திரியைப் பூட்டிவிடுவதாக முடிவாகியிருந்தது. தனக்கோடிக்கு வேலை போவதைப் பற்றிக் கவலையில்லை. லதாவுக்கு மறுபடியும் ஏழு மாதம். கடைசி பஸ் போன பிறகு வலி கண்டால் அந்தப் பெண் எங்கே போவாள்? ஆஸ்பத்திரி திறந்திருந்தாலும் வர மாட்டாள், அது வேறு. இதை நினைத்து நினைத்து தனக்கோடிக்குச் சோறு இறங்கவில்லை.

காசிநாதன் நல்ல மனுஷர், சொல்லத்தான் வேண்டும். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சுடு மணலில் வீடு வீடாக நடந்தார். கருவாடு விற்கும் குப்பம்மாவிடம் ஏன் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை என்று கேட்டார்.

“புள்ள செத்துச்சே, அது ஒரு நாளு வந்து இன்னா ஏதுன்னு கேட்டுச்சா? வராத வூட்டுக்கு நாங்க போறதில்ல சார்.”

டாக்டரை அனுப்பி வைக்கிறேன் என்றார் காசிநாதன்.

“டாக்டரு வந்தா டாக்டரு வந்த மாதிரி. புள்ள செத்தது அந்தக் கட்டடத்துல.”

முப்பத்தோரு வீட்டிலும் இதே பதில். காசிநாதன் ஒரு நாள் முழுக்க யோசித்தார். கேட்டதற்கு வந்த பதிலை மாற்றி எழுதி அவருக்குப் பழக்கமில்லை. ஒன்பதாவது பரிந்துரையாக, ஆஸ்பத்திரிக் கட்டடம் நேரில் சென்று துக்கம் விசாரிக்க வேண்டும் என்று எழுதிவிட்டார். கோட்டையில் பதினோரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். மூன்றாம் பக்கத்துக்கு மேல் யாரும் புரட்டவில்லை, எல்லாப் பரிந்துரையும் ஏற்கப்பட்டது. வெள்ளிக்கிழமை உத்தரவு வந்து கதவில் ஒட்டப்பட்டது. வெள்ளிக்கிழமை துக்கத்துக்குப் போகக் கூடாது என்று கட்டடத்துக்கும் தெரிந்திருந்தது, ஒரு நாள் பொறுத்தது.

அது கிளம்பியபோது தனக்கோடி உள்ளே பெருக்கிக்கொண்டிருந்தாள். தரை தோணி மாதிரி ஆடியது. கால்வாயில் ஜன்னல் வரைக்கும் தண்ணீர் ஏறியது. படுக்கையில் இருந்த ஒரே நோயாளி, காலில் புண் வந்த உப்பளத்துக்காரர், மத்தியானச் சாப்பாடு அங்கே வந்துவிடுமா என்று மட்டும் விசாரித்தார். குப்பத்து ஜனங்கள் வலையைச் சுருட்டிக்கொண்டு வழிவிட்டார்கள். லதாவின் புருஷன் மாரி வீட்டு வாசலில் போய் நின்று, முன்கூரை மணலைத் தொடுகிற மாதிரி ஆஸ்பத்திரி குனிந்தது. சுவரெல்லாம் ஈரம் வழிந்தது. குப்பம்மா விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, கால்வாய்த் தண்ணீர் இல்லை என்று சொன்னாள்.

லதா இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். அவள் கட்டடத்தைப் பார்க்கவில்லை. அதன் வாசலில் துடைப்பத்தோடு நின்ற அம்மாவைத்தான் பார்த்தாள். தனக்கோடிக்கு இரண்டு வருஷத்து அழுகையும் சேர்ந்து வந்தது.

“கொயந்த மூஞ்சிய நான் பாக்கல லதா. பாத்தா தரைய கழுவ முடியாதுன்னு பாக்கல.”

லதா உள்ளே போனாள். சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து, கொஞ்சம் ஆஸ்பத்திரிப் படியில் ஊற்றினாள். மிச்சத்தை அம்மாவிடம் நீட்டினாள்.

“குடி. ரெண்டு வருசமா நின்னுகினே கீற. உக்காரு.”

துக்கத்துக்கு வந்த வீட்டில் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக் கூடாது. கட்டடம் சொல்லவில்லை. எழுந்து ஐம்பதடி தள்ளிப் போய், சவுக்குத் தோப்போரம் உட்கார்ந்துகொண்டது. டாக்டரும் நர்ஸும் திங்கட்கிழமை முதல் அங்கேயே வேலைக்கு வந்தார்கள். பங்குனி பிறந்து நாலாம் நாள் பட்டப்பகலில் லதா தானே நடந்து போய்ப் படுத்தாள். பெண் குழந்தை. அது போட்ட சத்தம் கரையில் வலை இழுத்தவர்களுக்குக் கேட்டது. தனக்கோடிதான் முதலில் அதன் முகத்தைப் பார்த்தாள், வெகு நேரம் பார்த்தாள்.

அந்த மாதம் நோயாளிகள் இருநூற்றுப் பதினாலு பேர். சர்க்கார் காசிநாதனுக்கு நன்றிக் கடிதம் அனுப்பியது. வரைபடத்தில் இருக்கும் இடத்தில் ஆஸ்பத்திரி இல்லையே என்று ஆராய மறுவருஷம் நாலாவது ஆலோசகர் குழு வந்தது, வரைபடத்தைத் திருத்தச் சொல்லிவிட்டுப் போனது. சுற்றுவட்டக் குப்பங்களில் எங்கே சாவு விழுந்தாலும், செவ்வாய் வெள்ளி இல்லையென்றால், மறுநாள் காலை ஆஸ்பத்திரி போய் வரும். தனக்கோடி கூடவே போவாள். அன்றைக்குச் சீட்டு கொடுக்கப் பதினோரு மணி ஆகிவிடும். வந்தவர்கள் யாரும் கோபித்துக்கொண்டதில்லை. யார் வீட்டுக்குப் போயிருக்கிறது என்று கேட்டுவிட்டு, சவுக்கு நிழலில் காத்திருந்தார்கள்.