லொரெய்னின் பாட்டுக்கு யார் ஆடுவார்கள்

லொரெய்ன் நேரில் வரப்போகிறார் என்று டெஸ் சொன்ன நாளிலிருந்து மார்னிக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

ஹோபார்ட் நகரில், ஜோடி சேர்ந்து துள்ளி ஆடும் ஸ்விங் நடனக்காரர்கள் அத்தனை பேரையும் கூட்டினாலும் ஒரு பேருந்து நிரம்பினால் பெரிய விஷயம். அந்தச் சின்னக் கும்பலுக்கு ஞாயிறு மதியங்களில் பாட்டுப் போடுகிறவள் மார்னி. வார நாட்களில் பல் டாக்டரிடம் உதவியாளர் வேலை. வாயைத் திறந்தபடி நடுங்கிக்கொண்டிருப்பவர்களின் தோளைத் தட்டி, "ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிச் சொல்லிப் பழகியவள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் தோளைத் தட்டத்தான் ஆள் இருப்பதில்லை.

லொரெய்ன் அந்த ஊருக்கே சொந்தமான பாடகி. துறைமுகத்து மதுக்கடைகளில் பாட ஆரம்பித்து மெல்போர்ன் வரை போய் வந்தவர். போன வருடம் கழுத்தில் ஓர் அறுவை சிகிச்சை. உயிர் பிழைத்துவிட்டார், குரல் பிழைக்கவில்லை. இப்போது பேசுவதெல்லாம் காகிதம் உரசுகிற மாதிரி ஒரு சத்தம்தான். அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ஒரு மணி நேரம் அவருடைய பாட்டுகளை மட்டுமே போட்டு ஆட வேண்டும் என்பது நடனச் சங்கத்தை நடத்துகிற டெஸ்ஸின் யோசனை. "நம்ம ஆளுங்க அவங்க பாட்டுக்கு ஆடுறத அவங்க கண்ணால பாக்கட்டும்" என்றார். கேட்ட எல்லோரும் கை தட்டினார்கள். மார்னியும் தட்டினாள். வீட்டுக்கு வந்து பாட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்ட பிறகுதான் சிக்கல் புரிந்தது.

கேட்பதற்கு நல்ல பாட்டு வேறு, ஆடுவதற்கு நல்ல பாட்டு வேறு. லொரெய்ன் மெல்போர்னில் பதிவு செய்தவை எல்லாம் பியானோ மட்டும் துணைக்கு வர, மூச்சை இழுத்து இழுத்துப் பாடியவை. ஒரு வார்த்தையைப் பாடிவிட்டு அடுத்த வார்த்தைக்கு வருவதற்குள் தாளத்தை எங்கேயோ விட்டுவிட்டு, தனக்குத் தோன்றும்போது திரும்பி வந்து பிடித்துக்கொள்வார். இருட்டில் படுத்துக் கேட்டால் அழுகை வரும். ஆடுகிறவனோ காலைத் தூக்கிவிட்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்பான்.

ஆட்டத்துக்கென்றே பிறந்த மாதிரி இருந்தது அவருடைய முதல் இசைத்தட்டுதான். துறைமுகத்து மதுக்கடை ஒன்றில் ஆட்களுக்கு முன்னால் பாடப் பாட அப்படியே பதிவு செய்தது. பின்னால் கண்ணாடிக் கோப்பைச் சத்தம், யாரோ சீட்டியடிக்கிற சத்தம். அந்த டிரம் இருக்கிறதே, உட்கார்ந்திருப்பவனைக் காலரைப் பிடித்துத் தூக்கி நிறுத்தும். மார்னி தன் பட்டியலில் பாதிக்குமேல் அதிலிருந்துதான் எடுத்திருந்தாள்.

சனிக்கிழமை மதியம் ஒலிபெருக்கிகளைச் சோதிக்க அரங்கத்துக்குப் போனபோது அதில் ஒன்றைப் போட்டாள். டெஸ் ஹீட்டரைக் கழற்றிவைத்து அதன் முன்னால் மண்டியிட்டிருந்தார். பிளம்பர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், அந்தக் காலத்தில் லொரெய்னின் குழுவுக்கு வண்டி ஓட்டியவர். டிரம் கேட்டதும் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"மார்னி, இத நாளைக்குப் போடப் போறியா என்ன?"

"ஆமா. ஏன்?"

"அய்யோ, வேணாம்மா. அந்த டிரம் அடிக்கறது யாருன்னு தெரியுமா? கிப். அவங்க கூடப்பொறந்த தம்பி."

"தெரியும். தட்டோட அட்டையில பேர் இருக்கே."

"பேர் இருக்கு. அந்தப் பய அதுக்கப்புறம் என்ன ஆனான்னு அட்டையில இருக்கா? தட்டு வெளிய வந்த வாரமே மீன் பிடிக்கப் போனான். ப்ரூனி தீவுப் பக்கம் படகு கவுந்துடுச்சு. படகு மட்டும்தான் கெடச்சுது." டெஸ் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். "லொரெய்ன் அந்தத் தட்ட அன்னியிலேர்ந்து கேட்டதில்லன்னு ஊர்ல எல்லாருக்கும் தெரியும். வெறும் பியானோவோட பாட ஆரம்பிச்சாங்களே, அதுகூட அதனாலதான்னு சொல்லுவாங்க."

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல, டெஸ்?"

"நீ அதையா எடுப்பன்னு நான் என்ன கனவா கண்டேன்?"

"வேற எதுக்கு ஆடுவாங்க? அவங்க மத்த பாட்டெல்லாம் நீங்க கேட்டிருக்கீங்களா?"

"நல்ல பாட்டுதானே?"

"நல்ல பாட்டுதான். அதான் பிரச்சினையே. நான் வேணா அவங்களுக்கு ஒரு போன் பண்ணிக் கேட்டுடட்டுமா?"

"என்னன்னு கேப்ப? செத்துப்போன உங்க தம்பி டிரம்முக்கு நாங்க குதிக்கலாமான்னா?"

மார்னி வீட்டுக்குப் போய் மதுக்கடைப் பாட்டுகளை எல்லாம் பட்டியலிலிருந்து எடுத்தாள். மெல்போர்ன் பதிவுகளில் ஓரளவு தாளம் நிற்கிற பாட்டுகளைத் தேடி, மேசையில் விரலால் தட்டித் தட்டிப் பார்த்து, அந்த இடங்களை நிரப்பினாள். ஆட்டக்காரர்கள் நல்லவர்கள்தானே, லொரெய்னுக்காக ஆடிவிடுவார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லும்போதே நம்பிக்கை வரவில்லை.

ஞாயிறன்று மலைமேல் பனி விழுந்திருந்தது. லொரெய்ன் பச்சைக் கோட்டைக் கழற்றாமலே ஹீட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மெலிந்து, நிமிர்ந்து இருந்தார். உதட்டுச் சாயம் பளிச்சென்று இருந்தது. டெஸ் ஒரு தட்டில், சிப்பி இறைச்சி அடைத்துச் சுட்ட ஸ்காலப் பை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை ஆட்டத்தளத்தை விட்டு எடுக்காமல் காத்திருந்தார்.

முதல் பாட்டுக்கு எல்லோரும் இறங்கினார்கள். மரியாதைக்காக ஆடுகிறவர்களின் முகம் எப்படி இருக்கும் என்று மார்னிக்குத் தெரியும். புன்னகை இருந்தது, முழங்காலில் துள்ளல் இல்லை. இரண்டாவது பாட்டில் லொரெய்னின் குரல் தாளத்தை விட்டு நழுவிய இடத்தில் ஒரு ஜோடி மோதிக்கொண்டு சிரித்தது. மூன்றாவதில் பாதிப் பேர் தண்ணீர் குடிக்கப் போனார்கள். போனவர்கள் அங்கேயே நின்று பேச ஆரம்பித்தார்கள். அதற்கடுத்த பாட்டில் அவ்வளவு பெரிய மரத்தளத்தில் இரண்டே ஜோடிகள். அதிலும் ஒரு ஜோடி டெஸ்ஸும் அவர் மனைவியும்.

ஒரு பெண் தன்னுடைய பாட்டுக்கு யாரும் ஆடாததை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். அதற்கு ஏற்பாடு செய்தவள் நான். மார்னி அடுத்து என்ன போடுவது என்று பட்டியலைப் பார்த்தாள். அதுவும் இதே மாதிரிதான். அதற்கடுத்ததும். காய்ச்சல் என்று சொல்லிவிட்டு இந்த வாரம் படுத்திருக்கலாம் என்று தோன்றியது. லொரெய்ன் பக்கம் திரும்பினாள். அவர் தளத்தைப் பார்க்கவில்லை, மடியிலிருந்த தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பை அப்படியே இருந்தது.

அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. ஓடிக்கொண்டிருந்த பாட்டில் இன்னும் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு மார்னி தளத்தின் குறுக்கே நடந்தாள். டெஸ் ஆடிக்கொண்டே அவளைப் பார்த்துக் கண்ணை உருட்டினார். அவள் நிற்கவில்லை.

லொரெய்னின் நாற்காலிப் பக்கத்தில் குந்தினாள். "நான்தான் பாட்டுப் போடுறேன். என் பேர் மார்னி. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். தப்பா இருந்தா திட்டிடுங்க."

லொரெய்ன் புருவத்தை உயர்த்தினார்.

"மதுக்கடைத் தட்டுல இருக்கற பாட்டு எங்கிட்ட இருக்கு. அதுக்குத்தான் இவங்க ஆடுவாங்க. ஆனா உங்க தம்பி... அதப் போடலாமா?"

லொரெய்ன் ஏதோ சொன்னார். உதடு அசைந்தது. ஒலிபெருக்கியில் அவருடைய பழைய குரல் உச்சிக்குப் போய்க்கொண்டிருந்தது, இப்போதைய குரலை அது முழுசாக விழுங்கிவிட்டது. மார்னியின் காதில் "போட" என்ற துண்டு மட்டும் விழுந்தது. போடலாமா, போட வேண்டாமா?

"மன்னிச்சுக்கோங்க, கேக்கல."

மறுபடி சொன்னார். மறுபடியும் கேட்கவில்லை. மூன்றாவது முறை கேட்க மார்னிக்கு நா எழவில்லை. குரல் போனவரிடம் "இன்னும் சத்தமா" என்றா சொல்வது? பாட்டு வேறு முடியப்போகிறது. லொரெய்ன் எரிச்சலோடு தட்டை அவள் கையில் திணித்துவிட்டு எழுந்தார். பாட்டுப் போடும் மேசையை நோக்கி அவரே நடந்தார். மார்னி அந்தத் தட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினாள்.

மேசைக்குப் பக்கத்தில், ஒலிபெருக்கிகளுக்குப் பின்னால், சத்தம் கொஞ்சம் குறைவு. லொரெய்ன் அவள் காதுக்குள் பேசினார்.

"போடாம எதுக்கு வெச்சிருக்க?"

"நீங்க அதக் கேக்கவே மாட்டீங்கன்னு..."

"யாரு, டெஸ் சொன்னானா? அவன் வாயில துணிய வெச்சு அடைக்க." மூச்சு வாங்கிக்கொண்டார். "வீட்ல தனியா கேக்க மாட்டேன். தனியா கேட்டா கிறுக்குப் பிடிச்சிரும். இங்க இவ்ளோ பேர் இருக்காங்கள்ல? அதுக்குத்தானே கெளம்பி வந்தேன்."

கணினித் திரையில் ஒரு பாட்டின்மேல் விரலை வைத்தார். அந்தத் தட்டிலேயே வேகமானது, டிரம்மில் ஆரம்பிப்பது.

மார்னிக்குப் பயம் போகவில்லை. ஆனால் தொழில் முன்னால் வந்தது. "இதுவா? எல்லார் காலும் குளிர்ந்து கெடக்கு. எடுத்த எடுப்புல இதப் போட்டா ஒருத்தரும் எழுந்திருக்க மாட்டாங்க. முதல்ல நடுத்தரமா ரெண்டு போட்டுச் சூடு ஏத்திட்டு இதுக்கு வரணும்."

லொரெய்ன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "கிப்பும் இப்படித்தான் சண்டை போடுவான். சரி, உன் வேலை, நீயே பாரு கண்ணு."

சூடேற்றப் போட்ட முதல் பாட்டில் கிப்பின் டிரம் உள்ளே வந்ததுமே தண்ணீர் மேசைக்குப் பக்கத்தில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தி கோப்பையை வைத்துவிட்டுப் பக்கத்திலிருந்தவன் கையைப் பிடித்து இழுத்தாள். பாட்டு பாதிக்கு வருவதற்குள் தளம் நிறைந்துவிட்டது. இரண்டாவதில் ஸ்வெட்டர்கள் கழன்றன. லொரெய்ன் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் என்ன இருக்கிறது என்று மார்னியால் படிக்க முடியவில்லை. அழுகிறாரா? சரியாகத்தான் செய்கிறோமா? ஒரு மனுஷியை எல்லோர் முன்னாலும் நிறுத்தி வதைக்கிறோமா?

லொரெய்ன் அவள் தோளைச் சுரண்டினார். "அடுத்ததுதானே அது? ஆரம்பத்துல கிப் பேசுவானே, அது இருக்கில்ல?"

மார்னியிடம் அது இல்லை. நேரடிப் பதிவுகளில் பாட்டுக்கு முன்னால் வரும் பேச்சு, இருமல், கைதட்டல் எல்லாம் ஆட்டக்காரர்களுக்குத் தொந்தரவு என்று அவள் நறுக்கிவிடுவது வழக்கம். இந்தப் பாட்டிலும் போன மாதமே நறுக்கியிருந்தாள். பல்லைப் பிடுங்குவது மாதிரிச் சுத்தமாக.

"நான்... அத வெட்டிட்டேன். ஆடுறவங்களுக்கு வேணாம்னு."

லொரெய்ன் திரும்பி ஆட்டத்தளத்தைப் பார்த்தார். 

வெட்டாத மூலம் கணினியில் எங்கேயோ இருக்க வேண்டும். எந்தப் பெயரில் போட்டு வைத்தாள்? ஓடிக்கொண்டிருந்த பாட்டு கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டது. பாட்டு நின்றால் சூடும் போய்விடும். 'பழையது' என்று ஒரு கோப்புறை, அதில் வேறு யார் யாரோ. 'பழையது புதுசு' என்று இன்னொன்று. இப்படியா ஒருத்தி பெயர் வைப்பாள்! அவசரத்தில் தவறான இடத்தில் அமுக்கினாள், திறந்தது மூடிக்கொண்டது. டிரம்பெட் கடைசி அடியை ஊதிக்கொண்டிருந்தபோது அந்தக் கோப்பு கண்ணில் பட்டது. இழுத்துப் போட்டாள். சத்தத்தின் அளவைச் சரிபார்க்க நேரமில்லை. அமுக்கினாள்.

ஒன்றும் கேட்கவில்லை. தளத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மார்னி ஒலியை முழுக்க ஏற்றினாள்.

மதுக்கடையின் இரைச்சல் அரங்கத்துக்குள் வந்தது. அதற்குள்ளிருந்து ஓர் இளைஞனின் குரல்: "அக்கா, தண்ணி குடிச்சது போதும். வர்றியா, நாங்க போகட்டுமா?" உடனே ஒரு பெண் சிரித்தாள். அடித்தொண்டையிலிருந்து எழுந்து, கூரையில் முட்டித் திரும்புகிற சிரிப்பு. "உன்னால நான் இல்லாம ஒரு அடி போக முடியுமாடா? எண்ணு!" அவன் ஒன்று, இரண்டு என்று தாளம் எண்ணினான். டிரம் வெடித்தது. ஒலி உச்சத்தில் இருந்ததால் ஜன்னல்கள் அதிர்ந்தன, டெஸ்ஸின் மனைவி காதைப் பொத்திக்கொண்டு ஏதோ கெட்ட வார்த்தை சொன்னார், மார்னி பாய்ந்து குறைத்தாள். தளத்தில் யாரோ ஊளையிட்டான். அப்புறம் எல்லோரும் ஆடினார்கள்.

லொரெய்ன் சிரிப்பு வந்த திசையைப் பார்த்தபடியே நின்றார். கன்னத்தில் ஈரம் இறங்கியது, துடைக்கவில்லை. வாய் மட்டும் வார்த்தைகளோடு கூடவே அசைந்தது, சத்தமில்லாமல், ஒரு இடம்கூடப் பிசகாமல். மார்னியின் மணிக்கட்டைப் பிடித்தவர் பாட்டு முடியும்வரை விடவில்லை. வலித்தது. மார்னி இழுத்துக்கொள்ளவில்லை.

கூட்டம் முடிந்து கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டே லொரெய்ன் மறுபடி மேசைக்கு வந்தார்.

"என் சிரிப்ப மறந்தே போயிருந்தேன். அவன் பேசுறதுக்குத்தான் பயந்துட்டிருந்தேன். கடைசில பாத்தா நான் போட்ட கூச்சல்தான் பெருசா இருக்கு."

"வலிச்சுதா?" என்று கேட்டுவிட்டாள் மார்னி. பல் ஆஸ்பத்திரிப் பழக்கம்.

"பின்ன?" என்றார் லொரெய்ன். "அதோட, அந்த பியானோ பாட்டெல்லாம் ஆடுறதுக்குப் போடாதம்மா. எனக்கே தூக்கம் வந்துச்சு."

டெஸ் அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். நாற்காலிகளை அடுக்குகிற சத்தத்துக்கு நடுவே மார்னி மேசைக்குப் பின்னால் தரையிலேயே உட்கார்ந்தாள். லொரெய்ன் தொடாத பை ஆறிப்போய்ப் பக்கத்தில் இருந்தது. எடுத்துக் கடித்தாள். பாதி மடியில் சிந்தியது. அப்படியும் கடைசித் துணுக்குவரை தின்றாள்.