ஏழாம் நம்பர் சட்டை

இடது இடுப்பில் எலும்போடு எலும்பு உரசுகிறது என்று டாக்டர் சொன்னார். அதை அவர் சொல்லித்தானா நான் தெரிந்துகொள்ள வேண்டும்? நாற்காலியிலிருந்து எழுவதற்கு முன் மனதுக்குள் மூன்று வரை எண்ணுகிறேன். எண்ணி முடித்துவிட்டு, சில நாள் எழாமல் அப்படியே உட்கார்ந்துவிடுகிறேன். முப்பத்தாறு வருஷம் குதிரை லாயத்தில் சாணி அள்ளி, தீவன மூட்டை தூக்கி, மூன்று தடவை உதையும் வாங்கிய இடுப்பு. புது மூட்டு வைக்க எவ்வளவு ஆகும் என்று என் மகள் ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டியிருந்தாள். அவள் பஸ் டெப்போவில் வண்டி கழுவுகிறவள். அந்தத் தொகைக்கு அவள் எத்தனை பஸ் கழுவ வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டேன்.

அன்று காலை கிளப்பிலிருந்து ஆபீஸ் அம்மா வந்தார். மூன்று மாடி ஏறிய மூச்சு அடங்குவதற்குள் பையிலிருந்து ஒரு பெரிய போட்டோவை எடுத்தார். மகள் மேஜையை ஈரத்துணியால் துடைத்து, முந்தானையால் மறுபடி துடைத்தாள்.

"கிளப்புக்கு அம்பது வருஷம் ஆகுது ஐயா. புத்தகம் போடறோம். இது நம்ம குதிரையேற்றப் போட்டியில எடுத்தது, நாப்பத்தோரு வருஷம் ஆச்சு. இதுல இருக்கற அஞ்சு பேர்ல நாலு பேரு யாருன்னு தெரிஞ்சுபோச்சு. அஞ்சாவது நீங்கதான். ஒரு கையெழுத்து போட்டுட்டீங்கன்னா என் வேலை முடிஞ்சுது."

குதிரையை முதலில் அடையாளம் கண்டுகொண்டேன். செவலை. நெற்றியில் வெள்ளை. தடை தாண்டுவதில் அதை மிஞ்ச அந்த வருஷம் வேறு குதிரை கிடையாது. அதன் மேல் முதலாளியின் மகன். அவர் இப்போது இல்லை. அவருடைய பெண்தான் கிளப் தலைவி. பக்கத்தில் கோப்பையோடு முதலாளி, தொப்பி போட்ட நடுவர், மாட்டு டாக்டர். குதிரையின் தலைக்கு அந்தப் பக்கம் ஒருவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அவன் முகத்தைக் குதிரையின் கழுத்து மறைத்துவிட்டது. ஒரு தோளும் ஒரு கையும்தான் தெரிந்தன. சட்டைக் கையில் ஏழு என்று தைத்திருந்தது.

"ஏழு நீங்கதானே? பழைய ரிஜிஸ்டர்ல பார்த்துட்டுத்தான் வந்தேன்."

"ஏழு நான்தான்."

அது பொய்யில்லை.

"தலைவி ரொம்ப ஆசைப்படறாங்க. அவங்க அப்பா குதிரையப் பிடிச்சவர மேடையில உக்கார வச்சு சால்வை போடணுமாம். உங்க இடுப்பு விஷயமும் காதுக்குப் போயிருக்கு. ஆபரேஷன் செலவு முழுக்க கிளப்போடது. கமிட்டியில தீர்மானம் போட்டாச்சு."

மகள் சுவரில் சாய்ந்துகொண்டாள். "முகமே தெரியாம நின்னதுக்கு இவ்வளவா! தெரிஞ்சிருந்தா வீடே கட்டிக் குடுத்திருப்பாங்க போல. போடுங்கப்பா கையெழுத்த. பேனா எழுதுதான்னு பார்த்துட்டுப் போடுங்க."

நான் போட்டோவைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனேன். சட்டைக் கை மணிக்கட்டுக்கு ஒரு சாண் மேலேயே முடிந்துவிட்டிருந்தது. கயிறு அந்த உள்ளங்கையை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது.

லாயத்தில் சேருகிற எவனுக்கும் முதல் நாள் கிடைக்கும் முதல் திட்டு அதுதான். கயிற்றை மடித்துப் பிடி, கையில் சுற்றாதே. குதிரை மிரண்டால் மடித்த கயிறு கையை விட்டு ஓடிவிடும். சுற்றிய கயிறு ஆளையும் கூட்டிக்கொண்டு ஓடும். எங்களில் ஒருத்தன்தான் அதைக் கேட்கவில்லை. தீவனம் வெட்டும் மிஷினில் சிக்கியதிலிருந்து அவனுக்கு இரண்டு விரல் மடங்காது. சுற்றாவிட்டால் பிடி நிற்காது. அதை மேனேஜரிடம் சொன்னால் வேலை நிற்காது. ஒட்டடைக்குச்சி மாதிரி உயரம் என்பதால் அவனைக் குச்சி என்போம். நான் குட்டை, பருமன். அவன் வைத்த பேர் எனக்கு உரல்.

"இது நான் இல்லம்மா" என்றேன்.

ஆபீஸ் அம்மா மகளைப் பார்த்தார். மகள் என்னைப் பார்த்தாள்.

"ஏழுன்னு தச்சிருக்கே ஐயா?"

"சட்டை என்னுது. உள்ள இருக்கற ஆளு வேற."

சொல்ல ஆரம்பித்தேன். எங்களுக்கு ஆளுக்கு ஒரு சட்டை, அளவெடுத்துத் தைத்தது. நம்பர் சட்டை போடாதவனைக் காவல்காரன் மைதானத்துக்குள் விடமாட்டான். அதனால் எவனாவது முறை மாற்றிக்கொண்டால் சட்டையையும் மாற்றிக்கொள்வோம். மேனேஜருக்குத் தெரியாது. மேலே இருக்கிறவர்கள் சட்டையைப் பார்ப்பார்களே தவிர, மூஞ்சியைப் பார்த்ததில்லை. போட்டியன்று எனக்குச் சிமெண்ட் லாரி இறக்கும் வேலை கிடைத்தது. இரட்டைக் கூலி. வீட்டில் நாற்பது நாள் குழந்தை. குச்சிக்கு அன்று லீவு. நான்தான் போய்க் கெஞ்சினேன்.

"டேய் உரலு, உன் சட்ட எனக்கு முழங்கையிலயே நின்னுடுதுடா" என்றான்.

"வாய மூடிட்டுப் போட்டுக்கடா. உன்னையவா போட்டோ எடுக்கப் போறாங்க?"

சாயங்காலம் செவலையை வண்டியில் ஏற்றும்போது எங்கோ மைக் கீச்சென்று கத்தியிருக்கிறது. குதிரை சாய்வுப் பலகையிலிருந்து பின்னால் பாய்ந்து ஓடியது. கயிற்றை அவிழ்க்க அவனுக்கு நேரமில்லை. வேலியின் இரும்புக் கம்பத்தில் தலை அடித்ததும்தான் இழுப்பு நின்றது.

மறுநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். உன் சட்டை அவன் மேல் எப்படி வந்தது என்று கேட்டார். வெளியே கூலிக்குப் போனது தெரிந்தால் அன்றே கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள்.

"ஆணியில மாட்டியிருந்தேன் சார். எடுத்துட்டுப் போயிட்டான். சட்டையில்லாம என்னைய உள்ள விடல" என்றேன்.

அதை எழுதிக்கொண்டார். லீவில் இருந்தவன் அடுத்தவன் சட்டையைத் திருடிப் போட்டு வேடிக்கை பார்க்க வந்தான், அடிபட்டுச் செத்தான், கிளப்புக்குப் பொறுப்பில்லை. அவன் மனைவிக்குக் காலணா கிடைக்கவில்லை. முறை மாற்றும் விஷயம் மற்றவர்களுக்கும் தெரியும். ஆளுக்கு ஒரு வயிறு, ஒருத்தனும் வாய் திறக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

மகள் கேட்டாள், "அந்த நாப்பது நாள் குழந்தை நானா?"

"நீதான்."

"என் தலையில வைக்காதீங்கப்பா. நான் பாலுதான் கேட்டிருப்பேன், பொய் சொல்லச் சொல்லியிருக்க மாட்டேன்." அவள் குரல் உயர்ந்தது. "நாப்பத்தோரு வருஷம் ஊமையா இருந்தவருக்கு இன்னைக்கு, இந்தக் கையெழுத்துலதான் வாய் வரணுமா? ராத்திரியெல்லாம் முனகறீங்களே, அத யாரு கேக்கறது? நான்தானே?"

ஆபீஸ் அம்மா பேனாவை மூடி வைத்தார். "ஐயா, நான் மறைச்சுப் பேச விரும்பல. தீர்மானம் படத்துல இருக்கறவருக்குத்தான். நீங்க இல்லன்னு எழுதிட்டா ஆபரேஷன் நடக்காது. நான் கீழ போயி பத்து நிமிஷம் நிக்கறேன். அப்பாவும் பொண்ணும் பேசிக்குங்க."

"வேணாம்மா. மூணு மாடிய ரெண்டு தடவ ஏற வேணாம். எழுதிக்குங்க."

அவன் பேரைச் சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது. குச்சி என்றே கூப்பிட்டுப் பழகிய வாய். நான் சட்டை கொடுத்ததையும், மேனேஜரிடம் பொய் சொன்னதையும் அவர் தனித்தாளில் எழுதினார். மெதுவாக எழுதினார். நான் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

"அவருக்கு யாராவது இருக்காங்களா?"

"பொண்டாட்டி இருக்கா. ஆஸ்பத்திரி ரோட்டுக் கடைசியில தள்ளுவண்டி போட்டு இஸ்திரி போடறா."

"கமிட்டி கூடினதும் அவங்களுக்குக் கடிதம் போகும்."

"கடுதாசிக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்" என்றேன். சொன்னபோது அது பெரிய காரியமாகத் தெரியவில்லை.

அந்தத் தெருவில் நான் எப்போதும் எதிர்ச் சாரியில்தான் நடந்திருக்கிறேன். அவன் செத்த மாதம் அவள் லாயத்துக்கே வந்து என்னைக் கேட்டாள், "அண்ணே, அவரு எதுக்கண்ணே உங்க சட்டைய எடுத்தாரு? கேட்டா நீங்க குடுத்திருக்க மாட்டீங்களா?" தெரியலம்மா என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் தட்டில் விழுந்தது. மூன்றாம் நாள் அலமாரிக் கதவிலிருந்த தாளைக் கிழிக்காமல் எடுத்து மடித்து உள்ளே வைத்தாள்.

"கிளம்புங்க. படி இறங்க நான் தோள் குடுக்கறேன். பேச வேண்டியது நீங்க" என்றாள்.

போனோம். தள்ளுவண்டிக்குப் பின்னால் குச்சியின் மனைவி இருந்தாள், முடி முழுக்க வெளுத்து, முன்னைவிடச் சிறுத்து. பெட்டியின் சூட்டைப் பார்க்க ஈரவிரலால் தொட்டாள். என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

"என்னண்ணே, துணி கொண்டாந்தீங்களா?"

"இல்லம்மா" என்றேன்.

"பின்ன?"

"சும்மா. நடந்தா இடுப்புக்கு நல்லதுன்னாங்க."

"பார்த்துப் போங்க. ரோடு பூரா பள்ளம்."

மகள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். நான் திரும்பினேன். வழியெல்லாம் மகள் பள்ளம் பார்த்துத் தோள் கொடுத்து நடத்தி வந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அது நடந்து ஒன்பது நாளாகிறது. கமிட்டி நாளை மறுநாள் கூடுகிறது. அவள் புருஷன் என் சட்டையைத் திருடவில்லை. நான் கெஞ்சிக் கேட்டதால் போட்டுக்கொண்டான். இதை என் வாயால் நான் அவளுக்குச் சொல்ல வேண்டும். அது இன்னும் பாக்கி.