தங்கையின் சிவப்பு

தங்கத்தை நுணுக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் மஞ்சள் போய்ச் சிவப்பாகிவிடும். கண்ணுக்கே தெரியாத அந்தத் துகள்களைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, ஈயம் பட்டால் மட்டும் ஒட்டிக்கொண்டு நீலமாகும்படி மேல்பூச்சுக் கொடுப்பதுதான் எங்கள் ஆய்வுக்கூடத்தின் வேலை. குடிதண்ணீரில் கொஞ்சம் விட்டால் போதும், குடிக்கலாமா கூடாதா என்று நிறமே சொல்லிவிடும்.

இதில் நான் மூத்தவள். வீட்டிலும் மூத்தவள்தான். பிறகு என் தங்கை வந்து சேர்ந்தாள். எல்லோருக்கும் செல்லமாகச் சிட்டு. குடுவையை எப்படிப் பிடிப்பது என்பதிலிருந்து நான் சொல்லிக் கொடுத்தேன். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது. அவள் செய்த கரைசல் மாதுளை முத்து மாதிரிச் சிவந்து நின்றது. நான் செய்தது மேல்பூச்சு ஏறியதுமே கறுத்து நீலம் பாரித்தது. ஆய்வுக்கூடத்தை நடத்தும் எங்கள் மேடம், "சிட்டுக்குக் கைராசி!" என்றார்.

கைராசியாம், கைராசி! எனக்கு வயிறு எரிந்தது. ஒளிப்பானேன்?

சுத்த நீர் மெஷின் அவள் மேசையை ஒட்டி இருந்தது. அங்கே போய் நின்றால், "என்னக்கா, இன்னிக்காவது தேறிச்சா?" என்பாள். அந்தப் பேச்சைக் கேட்பதற்குப் பதில், நடைக் கோடியில் யாரும் தொடாமல் கிடந்த பழைய மெஷினில் அழுத்தினால் தண்ணீர் பீச்சும் என் பிளாஸ்டிக் பாட்டிலை நிரப்பிக்கொள்வேன். கரைசல் கலக்குவதும் அதில்தான். தண்ணீர் தண்ணீர்தானே.

குடிநீர் வாரியத்துக்கு யாருடைய சிவப்பு போவது என்று வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் முடிவாகும். யாருடையது போகிறதோ, அவரே அந்த வேலைக்குத் தலைமை. அவள் இங்கே கால் வைப்பதற்கு முன்பிருந்தே நான் காத்திருந்த பதவி அது.

முந்தின நாள் சிட்டு டீ குடிக்கப் போயிருந்தபோது அவள் குடுவையிலிருந்து கொஞ்சம் எடுத்தேன். என் பாட்டில் தண்ணீரைப் பீச்சினேன். நீலமாகிவிட்டது! ஈயமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, வெறும் தண்ணீருக்கே! அட, இவள் பவிசு இவ்வளவுதானா என்று குதிக்காத குறை. அவளிடம் சொல்லியிருக்கலாம்தான். சொல்லவில்லை. நாலு பேர் முன்னால் சந்தி சிரிக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

கூட்டத்தில் வாரிய இன்ஜினியரும் இருந்தார். நான் எழுந்தேன்.

"மேடம், இவ சரக்கு சுத்தமான தண்ணிக்கே நீலமாகுது. நானே காட்டறேன்."

பீச்சினேன். நீலம். மேடம் முகம் சுருங்கியது. சிட்டு பதறவே இல்லை. இன்னொரு சோதனைக் குழாயில் அதே சிவப்பை ஊற்றித் தன் பாட்டில் தண்ணீரை விட்டாள். சிவப்பு அப்படியே நின்றது.

"அக்கா, உன் பாட்டில்ல எங்க பிடிச்ச தண்ணி?"

"நடைக் கோடி மெஷின்ல."

"அந்தப் பழசுலயா?" என்றார் மேடம். "அது உள்ள ஈயம் வச்சு ஒட்டின தொட்டியாச்சே!"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இன்ஜினியர் கை தட்டாத குறையாகச் சிரித்தார். "இதைவிட என்ன சோதனை வேணும் மேடம்? இதையே அனுப்பிடுங்க."

மேடம் என் பக்கம் திரும்பினார். குரலில் பரிவு வேறு.

"அப்போ இத்தனை நாளா உன்னோடதும் சரியாத்தான்மா வேலை செஞ்சிருக்கு. ஈயத்தைப் பார்த்து நீலமாயிருக்கு. நாமதான் கெட்டுப்போச்சுன்னு கொட்டியிருக்கோம்."

அதற்குப் பதில் அவர் என்னை அறைந்திருக்கலாம். தலைமை சிட்டுவுக்கு என்று அறிவித்தார்கள். நான் வெளியே வந்துவிட்டேன்.

சிட்டு பின்னாலேயே வந்தாள். ஆறுதல் சொல்லப்போகிறாள், அதைக் கேட்பதைவிட வேலையை விடலாம் என்று நினைத்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கு முன்னாடியே தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"நீ அங்க தண்ணி பிடிக்கிறதைப் பார்த்தேன். சந்தேகப்பட்டு அந்தத் தண்ணில என்னோடதைக் கொஞ்சம் விட்டும் பார்த்தேன். நீலமாச்சு."

"அப்புறம் ஏன்டி சொல்லல?"

"உன்னோடது சிவப்பா நின்னா என்னோடதை யாரு பார்ப்பா? ஸ்கூல்ல, வீட்டுல, எங்கயும் உனக்கு அப்புறம்தானே நான். ஒரு தடவையாவது நான் முதல்ல வரணும்னு இருந்துச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வயித்தெரிச்சல்தான். வேற என்ன?"

"அடிப்பாவி!" என்றேன்.

அவள் வேலைக்குச் சேர்ந்த பிறகு அவளிடம் நான் மனசாரப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.