வியாழக்கிழமை ஐந்தாம் பத்து

இரண்டாயிரத்து இரண்டு நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் அன்பியச் செயலாளர்களை எல்லாம் கூப்பிட்டு ஆளுக்கொரு தாள் கொடுத்தார். ஒரு கோவிலைச் சேர்ந்த குடும்பங்கள் எல்லாம் சேர்ந்தது பங்கு; அதைத் தெருவாரியாகப் பிரித்து, வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபமாலை சொல்லும் கூட்டத்துக்குத்தான் அன்பியம் என்று பெயர். கோவில்பட்டியில் எங்கள் தெரு அன்பியத்துக்கு நான் செயலாளர். பெயர் சேசடிமை. கடலைமிட்டாய் கம்பெனிக்கு வெளியூர்களில் ஆர்டர் பிடிக்கிற வேலை. செயலாளர் பதவிக்கு யாரும் போட்டி போடவில்லை. பதினாறு வீட்டிலும் கண்ணாடி போடாமல் பொடி எழுத்து வாசிக்கிற ஆம்பளை நான் ஒருவன்தான்.

ஜெபமாலையில் பத்துப் பத்து மணியாக ஐந்து பத்து, ஒவ்வொரு மணிக்கும் ஒரு மாதா ஜெபம். ஒவ்வொரு பத்தையும் தொடங்குமுன் ஏசுநாதர், மாதா வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்லி அதை நினைத்துக்கொள்ள வேண்டும். அதற்குத் தேவ ரகசியம் என்று பேர். சந்தோஷம், துக்கம், மகிமை என்று மூன்று வகை, வகைக்கு ஐந்து. எந்தக் கிழமைக்கு எது என்று முறை உண்டு. வியாழக்கிழமைக்குச் சந்தோஷம். எங்கள் கூட்டமும் வியாழக்கிழமை என்பதால், வருஷக்கணக்காக நாங்கள் சொன்னது சந்தோஷ ரகசியம் மட்டும்தான். இப்போது ரோமாபுரியில் இருக்கும் பாப்பரசர் ஒளியின் ரகசியங்கள் என்று புதிதாக ஐந்து கொடுத்திருக்கிறார், அவற்றை வியாழக்கிழமைகளில் சொல்லலாம் என்று தாளில் அச்சடித்திருந்தது.

அதை வாசித்ததும் எனக்கு ஏற்பட்டது நிம்மதி. வெட்கமில்லாமல் சொல்கிறேன், பக்தியினால் வந்ததல்ல அது.

எங்கள் அன்பியத்தில் ஜெபமாலையை முன்னால் சொல்வது மிக்கேலம்மாள். தீப்பெட்டி ஆபீஸில் லேபிள் ஒட்டுகிறவள், அறுபது வயது, எழுதப் படிக்கத் தெரியாது. பதினைந்து ரகசியமும் மனப்பாடம். அவள் பாதி ஜெபத்தைச் சொல்ல, மீதிப் பாதியை நாங்கள் கூட்டமாகப் பதில் சொல்வோம். அன்பியம் தொடங்கியபோது எந்தக் கிழமை கூடலாம் என்று சாமியார் கேட்டார். வியாழன் என்று அவள்தான் சொன்னாள். ஏன் என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

காரணம் பிறகு எல்லாருக்கும் தெரிந்தது. சந்தோஷ ரகசியத்தில் ஐந்தாவது, பன்னிரண்டு வயதில் காணாமற்போன இயேசுவைக் கோவிலில் கண்டடைந்தது. அவள் மகன் தஸ்நேவிஸ் காணாமற்போனதும் ஒரு வியாழக்கிழமைதான். நாலு பத்தை ஓட்டமாகச் சொல்லிவிட்டு ஐந்தாவதில் வண்டியை நிறுத்துவாள். ஒவ்வொரு மணிக்கும் மூச்சு வாங்கிக்கொண்டு சொல்லுவாள். நாளாக நாளாகத் தெருவில் எது தொலைந்தாலும் அந்தப் பத்தில் சேர்த்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. கம்மல் திருகாணி, ரேஷன் கார்டு, பெரியவீட்டுப் பையனின் சைக்கிள். ஊருக்கு வெளியே ஆடு மேய்க்கிற சுப்புத்தாய்க்கும் நம்ம மாதாவுக்கும் என்ன சம்பந்தம்? அவள்கூடச் சினை ஆடு ஒன்று காணோம் என்று வந்து வாசலில் உட்கார்ந்தாள். மறுநாள் ஆடு கிடைத்தது. அதற்கப்புறம் எங்கள் ஐந்தாம் பத்துக்கு வெளியாட்களும் வர ஆரம்பித்தார்கள்.

ஆடு கிடைத்தது, மகன் கிடைக்கவில்லை.

தஸ்நேவிஸுக்கு இரண்டு வயதில் காய்ச்சல் கண்டு கண் சொருகிவிட்டதாம். பிழைத்தால் உனக்கே தருகிறேன், சாமியாராக்குகிறேன் என்று மிக்கேலம்மாள் மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள். பிழைத்தான். பதினேழு வயதில் குருமடத்தில் சேர்த்தாள். மூன்று வருஷம் கழித்து ஒருநாள் டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்து, எனக்கு அது ஒத்துவராது என்றான். அவள் திட்டவில்லை, அடிக்கவில்லை. காலையிலும் மாலையிலும் அவன் கண்ணெதிரே முழங்காலில் நின்று, 'என் மகன் மனசு மாறணும்' என்று சத்தமாக ஜெபமாலை சொன்னாள். எட்டு மாதம் கேட்டான். தொண்ணூற்று நாலில் ஒரு வியாழக்கிழமை வெளியே போனவன் வரவில்லை. ரயில் ஸ்டேஷனில் வடக்கே போகிற வண்டிக்கு நின்றான் என்று யாரோ சொன்னார்கள்.

அவள் வேண்டுதல் வருஷத்துக்கு வருஷம் சுருங்கிக்கொண்டே வந்ததை நான் கவனித்திருக்கிறேன். முதலில், என் மகன் திரும்பி வந்து சாமியாராகணும். பிறகு, என் மகன் திரும்பி வரணும். தொண்ணூற்றொன்பதில், என் மகன் எங்கனயாவது உசிரோட இருக்கணும்.

இருந்தான். ஈரோட்டில் இருந்தான். அந்த வருஷம்தான் நான் அவனைப் பார்த்தேன்.

ஆர்டருக்காகப் போன ஒரு மொத்தக் கடையில், வாசலில் நின்று மூட்டை இறக்குகிறவர்களை அதட்டிக்கொண்டிருந்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தான். என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விடப் பார்த்து, பிறகு அவனே வந்து டீக்கடைக்குக் கூட்டிப்போனான். கல்யாணமாகிவிட்டது, பெண் அந்த ஊர்க்காரி, நம்ம வேதம் இல்லை, ஒரு பெண் குழந்தை என்றான்.

"அம்மைட்ட சொல்லிராதீங்க அண்ணாச்சி."

"ஏலே, பெத்தவ வாராவாரம் கெடந்து தவிக்கா."

"தெரியும். எனக்காகத்தான் சொல்லுதா. அந்தச் சத்தம் கேட்டுத்தான நான் ஓடியாந்தேன். தெரிஞ்சா இங்கனயும் வந்து முழங்கால் போட்டுருவா. நான் இந்த ஊரயும் விட்டுப் போகணும். கைப்பிள்ளய வச்சிக்கிட்டு எங்க போவேன்?"

என் சட்டைப் பையில் ஜெபமாலை இருந்தது. அதை அவனே எடுத்து என் உள்ளங்கையில் வைத்து மூடினான். சொல்ல மாட்டேன் என்று மாதா மேல் சத்தியம் செய்யச் சொன்னான். செய்தேன். ஜெபமாலையைப் பிடித்துச் செய்த சத்தியத்தை எங்கள் ஆட்கள் லேசில் மீற மாட்டார்கள். சாமியாரிடம் கேட்டிருக்கலாம். கேட்டால், அது உன்னைக் கட்டாது, போய்ச் சொல் என்பார் என்று தெரியும். அதனால் கேட்கவில்லை.

அதிலிருந்து மூன்று வருஷம், ஐந்தாம் பத்து வரும்போதெல்லாம் பதினைந்து பெண்களின் குரலுக்கு நடுவே என் குரலையும் நுழைத்துப் பதில் சொன்னேன். 'பாவிகளாயிருக்கிற எங்களுக்காக' என்று வரும் இடத்தில் எனக்கு இருமல் வரும். வெளியூர் தண்ணீர் என்று என் மனைவி பிலோமி கஷாயம் போட்டுக் கொடுத்தாள். இந்த நிலையில்தான் அந்தத் தாள் என் கைக்கு வந்தது.

அந்த வாரம் வியாழக்கிழமை தாளை எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். இனிமேல் வியாழனுக்கு ஒளியின் ரகசியம். சந்தோஷம் திங்களுக்கும் சனிக்கும் போய்விட்டது. அடியில் இன்னொரு வரியும் இருந்தது: 'இது கட்டாயமன்று, பழைய முறையில் சொல்ல விரும்புவோர் அவ்வாறே சொல்லலாம்.' அந்த வரியை வாசிக்காமல் தாளை மடித்துப் பையில் வைத்தேன்.

மிக்கேலம்மாள்தான் முதலில் கேட்டாள்.

"சனிக்கெழம எதுக்கு தம்பி? எம் மவன் போனது வியாழக்கெழமல்லா?"

"கிழமைய நானா மாத்துனேன்? ரோமாபுரியில இருந்து வந்துருக்கு அக்கா."

"பாப்பானவரே சொல்லிட்டாரா?"

"அவரேதான்."

"அப்பச் சரி. பெரியவிய சொன்னா நாம கேக்கணும்."

இவ்வளவு சீக்கிரம் அடங்குவாள் என்று நான் நினைக்கவில்லை. சண்டை போடுவாள், சாமியாரிடம் இழுப்பாள், வரி வெளியே வந்துவிடும் என்றுதான் பயந்தேன். அவளோ என்னை நம்பினாள். நான் ஒவ்வொரு ரகசியத்தையும் வாசிக்க, அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுப் பத்து மணியை உருட்டினாள். யோர்தான் ஆற்றில் ஞானஸ்நானம், கானாவூர்க் கல்யாணம் என்று போய், ஐந்தாவதில் நற்கருணையை ஏற்படுத்தினதில் முடிந்தது. ஒரே ஓட்டம். எங்கேயும் நிற்கவில்லை. பெண்கள் வழக்கத்தைவிடப் பத்து நிமிஷம் முன்னதாக வீட்டுக்குப் போனார்கள். எனக்கு இருமல் வரவில்லை.

இப்படி மூன்று வாரம் போயிற்று. நாலாவது வாரம் எங்கள் வீட்டு முறை. ஜெபம் முடிந்து, அவித்த பயறு வாங்கிக்கொண்டு எல்லாரும் கிளம்பினார்கள். பிலோமி அவர்களோடு தெருமுனை வரை போனாள். மிக்கேலம்மாள் மட்டும் மாதா சுரூபத்துக்கு முன்னால் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள்.

"தம்பி, ஒரு உதவி செய்வீங்களா?"

"சொல்லுங்க அக்கா."

"எல்லாருக்கும் பொதுவா உள்ளதச் சொல்லியாச்சி. எனக்காவ அந்தப் பழைய அஞ்சாவது மட்டும் ஒருக்கா சொல்லிக்கிடுதேன். வீட்டுல தனியா சொல்லிப் பாத்தேன். பதில் சொல்ல ஆளு இல்லாம பாதியிலேயே அழுகை வந்துருது. நீங்க பதில் மட்டும் சொன்னாப் போதும்."

மறுக்க என்ன காரணம் சொல்வது? எதிரே உட்கார்ந்தேன். கூட்டத்தில் என் குரல் ஒளிந்துகொள்ள இடம் இருந்தது. இப்போது அவள் ஒருத்தி, நான் ஒருவன். காணாமற்போன இயேசுவைக் கண்டடைந்ததைத் தியானிப்போமாக என்று தொடங்கினாள். முதல் மணிக்குப் பதில் சொன்னேன். இரண்டாவதுக்கும் சொன்னேன். மூன்றாவது மணியில் அவள் தன் பாதியை முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தாள்.  சத்தியமாவது ஒன்றாவது என்று தோன்றிவிட்டது.

"அக்கா, அவன் ஈரோட்டுல இருக்கான்."

அவள் மணியை விடவில்லை. அந்த மூன்றாவது மணியைப் பிடித்தபடியே கேட்டாள். கடை, டீ, பெண்டாட்டி, குழந்தை, சத்தியம், எல்லாவற்றையும் சொன்னேன். அவன் ஏன் ஓடினான் என்று சொன்னதையும் விடாமல் சொன்னேன். அந்த இடத்தில் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எப்பப் பாத்தீங்க?"

"மூணு வருசம் இருக்கும்."

"மூணு வருசமா?" என்றாள். பிறகு மெதுவாக, "ஒவ்வொரு வியாழக்கெழமயும் நீங்களும் பதில் சொன்னீங்களே தம்பி" என்றாள்.

அவள் என்னை நாலு வார்த்தை ஏசியிருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டு தூங்கியிருப்பேன். தாளில் மறைத்த வரியைப் பற்றியும் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லத் தைரியம் மிஞ்சவில்லை. கடையின் பெயரைத் தாளில் எழுதித் தரச் சொன்னாள், எழுதிக் கொடுத்தேன். கூட வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ரயிலில் தனியாகப் போனாள். செவ்வாய்க்கிழமை காலையில் லேபிள் ஒட்டப் போய்விட்டாள் என்று பிலோமி வந்து சொன்னாள். என்ன நடந்தது என்று தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை, அவளிடம் போய்க் கேட்க எனக்குக் காலும் வரவில்லை.

வியாழக்கிழமை சாமுவேல்ராஜ் வீட்டில் கூட்டம். அவர் சி.எஸ்.ஐ., மாதாவிடம் ஜெபிக்காத சபை; பெண்டாட்டி எங்கள் ஆள். ஜெபமாலை நேரத்தில் அவர் பின்கட்டில் பேப்பர் படிப்பார். நான் முன்னதாகவே போய் வாசலில் நின்றேன். மிக்கேலம்மாள் வந்ததும் தாளை நீட்டி, மறைத்ததைச் சொன்னேன்.

"அக்கா, கட்டாயமில்லன்னுதான் இதுல போட்டுருக்கு. நாந்தான் வாசிக்காம விட்டேன். இனிமே நீங்க வியாழனுக்குப் பழசயே சொல்லலாம். நான் எல்லாருக்கும் முன்னால வச்சி ஒத்துக்கிடுதேன்."

அவள் தாளை வாங்கவில்லை.

"அவனப் பாத்தேன் தம்பி. கடைக்கு எதுத்தாப்புல ஒரு மரத்தடியில நின்னேன். சாயந்தரம் பொஞ்சாதி பிள்ளயக் கூட்டிட்டு வந்தா. தூக்கித் தோள்ல வச்சிக்கிட்டுப் போனான். சிரிச்சிக்கிட்டே போனான்."

"கூப்புடலயா?"

"என்னன்னு கூப்புட? என்னப் பாத்தா அந்தச் சிரிப்பு இருக்குமா?" முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நம்மதான் அவன வெரட்டுனோம்னு தெரியாம, அவன் எங்க எங்கன்னு மாதாட்டயே கேட்டுக்கிட்டு இருந்துருக்கேன். அவளும் எட்டு வருசம் பொறுமையாக் கேட்டுருக்கா. இனி அந்த அஞ்சாவதச் சொல்ல எனக்கு நாக்கு வராது. நீங்க புதுசயே வாசிங்க."

உள்ளே பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சுப்புத்தாயும் வாசலோரம் வந்திருந்தாள். முன்னால் அவளுக்கென்று போட்டிருந்த பாயில் மிக்கேலம்மாள் உட்காரவில்லை. பதில் சொல்கிறவர்களோடு போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, என்னைப் பார்த்து அந்தப் பாயைக் காட்டினாள்.  நான் போய் உட்கார்ந்து, தாளைப் பிரித்து, யோர்தான் ஆற்றை வாசித்துவிட்டு முதல் பாதியைச் சொன்னேன். பதில் வந்தது. மற்றவர்கள் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருக்க, அவள் குரல் மட்டும் முந்திக்கொண்டு ஓடி, எல்லாருக்கும் முன்பே ஆமென் சொல்லி முடித்துவிட்டது.