ஒரே ஒரு முகம்

பெற்றிசியா கணினியில் எழுதும் பரீட்சைக்குக் கடுமையான விதிகள். எழுதுபவரின் முகத்தைத் தவிர வேறு முகம் கமராவில் தெரியக்கூடாது. தெரிந்தால் பரீட்சை அங்கேயே ரத்து. வாய் திறந்தாலும் ரத்து, எழும்பினாலும் ரத்து. இந்த விதிகளைப் போட்ட புண்ணியவான் ஒருநாளும் பொது நூலகத்தில் கால் வைத்திருக்க மாட்டான்.

தலைமன்னாரில் ஒரு முன்பள்ளியில் அவள் ஆறு வருடமாகப் பிள்ளைகளைப் பார்க்கிறாள். அடுத்த மாதத்திலிருந்து சான்றிதழ் இல்லாதவர் வகுப்பில் நிற்க முடியாதாம். நூலகத்தின் இணையப் பக்கத்தில் சிறுவர் பராமரிப்புப் பாடநெறி இலவசமாகக் கிடைக்கிறது என்று சொன்னவர் நூலகர் சபூரா. அங்கத்தவர் இலக்கத்தைப் போட்டால் பாடங்கள் திறக்கும். நான்கு மாதம் சனிக்கிழமை தவறாமல் வந்து படித்தாயிற்று. பரீட்சை எழுத ஒரு தடவைதான் விடுவார்கள், அதற்கும் இன்றுதான் கடைசி நாள். வீட்டுப் போனின் கமரா உடைந்து கனகாலம், ஆகவே பரீட்சையும் நூலகத்தில்தான்.

“லைப்ரரியைப் பூட்டேலாது ரீச்சர். ஆனா ஒருத்தரையும் கிட்ட வர விடமாட்டன், பயப்படாம எழுதுங்கோ” என்று சபூரா கணினியை மூலைக்கு நகர்த்தி, பெற்றிசியாவைச் சுவரோரம் இருத்தினார். தினமும் பேப்பர் வாசிக்க வரும் றெனால்ட் ஐயாவைக் கதிரையோடு விறாந்தைக்கு அனுப்பினார். அவர் அங்கிருந்தும் இருமிக்கொண்டிருந்தார்.

இருபத்திரண்டாவது கேள்வி. இன்னும் பதினொரு நிமிடம். அப்போதுதான் முன்பள்ளிப் பிள்ளை ஒன்றின் தாய் டினோஜா புத்தகம் திருப்பிக் கொடுக்க வந்தாள். சபூரா அவளை வாசலிலேயே மறித்தார். அவளுடைய நாலு வயது மகள் மதுஷிகா பரீட்சை மேசைக்குக் கீழால் நுழைந்ததை இருவரும் காணவில்லை.

முன்பள்ளியில் முதல் மூன்று மாதம் ஒருவரோடும் பேசாமல், பெற்றிசியாவின் இடுப்பை விட்டு இறங்காமல் இருந்த பிள்ளை அது. இப்போது அவளுடைய முழங்காலைப் பிடித்துக்கொண்டு, “ரீச்சர்!” என்றது.

திரையின் ஓரத்தில் கமரா காட்டும் சின்னப் படத்தில் ஒரு சிவப்பு ரிபன் மெல்ல மேலே வந்தது. பெற்றிசியா கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல், கையைக் கீழே விட்டு அந்தத் தலையை அமத்தினாள். விளையாட்டு என்று நினைத்த பிள்ளை சிரித்தபடி மறுபடி எழும்பியது. இரண்டாம் தரம் பலமாகத் தள்ளினாள். தலை மேசைக் காலில் மோதியது கேட்டது.

பிள்ளை அழவில்லை. ஒரு சத்தமும் இல்லை. குனிந்து பார் என்று மனம் கத்தியது. அவள் குனியவில்லை. தன்னை நினைக்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் மிச்சம் எட்டுக் கேள்விக்கும் விடை போட்டாள்.

‘பரீட்சையில் சித்தி’ என்று திரையில் வந்தது. கதிரையைத் தள்ளிவிட்டு மேசைக்குக் கீழே பார்த்தாள், யாருமில்லை. மதுஷிகா வாசலில் தாயின் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள்.

“பாஸ் ரீச்சர், பாஸ்!” சபூரா கைதட்டினார். “இனி உங்களையும் அந்தப் பிள்ளையளையும் ஒருத்தராலயும் பிரிக்கேலாது.”

பெற்றிசியா ஓடிப்போய்ப் பிள்ளைக்கு முன்னால் முழங்காலிட்டாள். “குஞ்சு, ரீச்சரிட்ட வாங்கோ. எங்க நொந்தது?”

“ரீச்சர் எண்டு ஓடினனீ, இப்ப என்ன வெக்கம்?” என்று டினோஜா சிரித்தாள். “போ.”

பெற்றிசியா கையை நீட்டினாள். மதுஷிகா அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு தன் இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டாள்.