குப்பை வண்டியில் போன கிறிஸ்துமஸ்

மாடிப்படிக்குக் கீழே குனிந்து பார்த்த ஜோஸ்பினுக்கு முதலில் எதுவும் புரியவில்லை. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அங்கே இரண்டு சாக்குகள் சுவரோடு சாய்ந்து நின்றன. இப்போது தரை கழுவிவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது. சைக்கிள் பம்ப்பும் ஒரு பழைய பெயிண்ட் டப்பாவும் மட்டும் மூலையில் கிடந்தன.

வேறு எங்காவது எடுத்து வைத்திருப்பார்கள் என்று சமையலறை, கட்டில் அடி, பின்பக்கத் தாழ்வாரம் என்று ஒவ்வொன்றாகத் தேடினாள். விடிந்தால் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள்.

அந்த இரண்டு சாக்குக்குள்தான் அவளுடைய ஒரு மாத உழைப்பு இருந்தது. வில்லியனூர் ஜவுளிக் கடையிலிருந்து வந்ததும் வராததுமாகக் கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். பால் கவரைக் கழுவிக் காயவைத்துச் சுருள் சுருளாக வெட்டிச் சரம் கட்டினாள். மாமியார் சர்க்கரைக்குச் சாப்பிட்டுப் போட்ட மாத்திரை அட்டைகளை மடக்கிக் குட்டிக் குட்டி மணிகள் செய்தாள். தெரு முழுக்க வந்து குவிந்திருந்த பழைய கல்யாணப் பத்திரிகைகளை வாங்கி வந்து, அதில் இருந்த பிள்ளையாரை மட்டும் பத்திரமாக வெட்டித் தனியே எடுத்து வைத்துவிட்டு, மிச்சத் தங்க அட்டையில் நட்சத்திரங்கள் செய்தாள். கொட்டாங்குச்சியில் ஆடுகள், வைக்கோலில் குடில். எல்லாவற்றுக்கும் மேலே, மாமியாரின் கிழிந்த மஞ்சள் புடவையை மூங்கில் குச்சிச் சட்டத்தில் மைதா பசை போட்டு இழுத்து ஒட்டிய ஆள் உயர நட்சத்திரம். அதை மட்டும் இரண்டாக மடிக்கிற மாதிரி கட்டியிருந்தாள், சாக்குக்குள் போகவேண்டும் என்று.

அபிஷேகப்பாக்கத்தில் அந்தத் தெருவில் கிறிஸ்துமஸ் கும்பிடுகிற வீடு வேறு கிடையாது. எழிலரசனைக் காதலித்துக் கட்டிக்கொண்டு வந்த முதல் டிசம்பர் மாமனார் காரியத்தில் போய்விட்டது. இதுதான் அவள் இந்த வீட்டில் வைக்கப்போகிற முதல் நட்சத்திரம். தெருவே வந்து பார்க்கும் என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் தெருவில் யார் கண்ணிலும் படாமல் கட்டி வைத்திருந்தாள்.

மாமியார் மணியம்மாள் கறவை மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு உள்ளே வந்தாள்.

"அத்தை, படிக்குக் கீழ இருந்த சாக்கு எங்க?"

"எந்தச் சாக்கு?"

அந்தக் கேள்வியைக் கேட்டதும் ஜோஸ்பினுக்கு என்னமோ ஆகிவிட்டது. ஒரு மாதமாகக் கூடவே இருந்து பார்த்தவள் எந்தச் சாக்கு என்கிறாளே!

"தெரியாத மாதிரி கேக்காதீங்க அத்தை. புடிக்கலன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம். உங்க வூட்டு வாசல்ல நட்சத்திரம் தொங்கக் கூடாதுன்னா நான் எங்க அம்மா வூட்டுல போயி கட்டிக்கிட்டிருப்பேன். அதுக்காகத் தூக்கியா போடுவீங்க?"

மணியம்மாள் கையிலிருந்த வாளியை அப்படியே கீழே வைத்தாள். முகம் சுண்டிப் போயிற்று.

"இன்னாம்மா பேசற நீ? என் பொடவைய நானே கிழிச்சிக் குடுத்தேன். பசை காய்ச்ச நானே அடுப்பு மூட்டினேன். நானா தூக்கிப் போடுவேன்?"

அதற்குள் வாசலில் எழிலரசனின் பைக் சத்தம் கேட்டது. பின்சீட்டில் ஒரு பெரிய அட்டைப் பெட்டி, கயிறு போட்டுக் கட்டியிருந்தது. முகமெல்லாம் சிரிப்பாக உள்ளே தூக்கிவந்து நடுக்கூடத்தில் இறக்கினான்.

"ஜோஸ், கண்ண மூடு!"

அவள் மூடவில்லை. அவனே பெட்டியைப் பிரித்தான். பச்சை பிளாஸ்டிக் மரம், வெள்ளை நுரை ஒட்டினது. சிவப்பு உருண்டைகள், பேட்டரியில் எரிகிற விளக்குச் சரம், உச்சியில் வைக்க மினுமினுக்கிற நட்சத்திரம்.

"பாண்டி முழுக்க அலைஞ்சி வாங்கினேன். படிக்குக் கீழதான் வைக்கணும்னு காலையிலேயே எடத்த சுத்தம் பண்ணிட்டேன். அங்க கெடந்த சாக்க அவுத்துப் பாத்தா பால் கவரும் அட்டையுந்தான், திரும்பக் கட்டி குப்பை வண்டியில ஏத்திட்டேன். ரெண்டு சாக்கு இருந்துச்சிடி!"

ஜோஸ்பினுக்குக் காது அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. அவன் உதடு அசைவது தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் ஏறவில்லை. அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

மணியம்மாள்தான் பேசினாள். "அடப்பாவி, அது அவ செஞ்சதுடா!"

"இன்னாது?"

"கிறிஸ்மஸுக்கு. நட்சத்திரம், குடிலு, எல்லாம்."

எழிலரசன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். சிரிப்பு இன்னும் முகத்தை விட்டுப் போகவில்லை, போவதற்கு வழி தெரியாமல் அங்கேயே நின்றது.

ஜோஸ்பின் எழுந்து அவன் எதிரே வந்து நின்றாள். எப்போதும் மாமியார் முன்னால் அவனை 'நீங்க' என்றுதான் பேசுவாள். இன்று அது நினைவிலேயே இல்லை.

"ஒரு மாசமா நான் இன்னா பண்ணினு இருந்தேன்? சொல்லு."

"ஏதோ... வெட்டினு இருந்த."

"ஏதோவா?"

"நான் நெனச்சேன்... காசு இல்லாததாலதான் குப்பைய வச்சி ஏதோ ஒப்பேத்துறியோன்னு. கடையில வாங்கிக் குடுத்தா நீ சந்தோஷப்படுவன்னு..."

"நீ சாப்பிட ஒக்காரும்போது பக்கத்துலதான ஒக்காந்து செஞ்சேன்? ஒரு தடவ திரும்பிப் பாத்தியா நீ?"

அதற்கு மேல் அங்கே நிற்க முடியாமல் அவள் மாடிப்படியில் போய் உட்கார்ந்து அழுதாள்.

மணியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "அழுதுனு ஒக்காந்தா ஆவாது. வண்டி எங்க போவும்னு எனக்குத் தெரியும். கஸ்தூரி அங்கதான் வேல பாக்குறா, நாத்து நடற காலத்துல என்கூட வந்தவ. ஸ்கூட்டிய எடு."

சற்று முன்னால் தான் என்ன சொன்னோம் என்பது ஜோஸ்பினுக்கு அப்போதுதான் உறைத்தது. "அத்தை, நான் உங்கள..."

"அத அப்புறம் பேசலாம். இருட்டறதுக்குள்ள போவணும்."

மழை ஓய்ந்து வயலெல்லாம் தண்ணி நின்றது. பின்னால் உட்கார்ந்த மணியம்மாள் வழி சொல்லிக்கொண்டே வந்தாள். ஜோஸ்பின் மனதில் நசுங்கிப்போன குடிலும் சேற்றில் ஊறிய புடவைத் துணியும்தான் ஓடிக்கொண்டிருந்தன. அள்ளிக்கொண்டு வர ஒரு கோணிப்பையைக்கூடக் கையோடு எடுத்திருந்தாள்.

குப்பை பிரிக்கிற கொட்டகை மண்பாதை முடிவில் இருந்தது. திருப்பத்தில் ஸ்கூட்டி திரும்பியதும் ஜோஸ்பின் பிரேக்கை அழுத்திப் பிடித்துவிட்டாள். மணியம்மாள் அவள் முதுகில் முட்டிக்கொண்டாள்.

கொட்டகை வாசலில் மஞ்சள் நட்சத்திரம் தொங்கிக்கொண்டிருந்தது.

மடிப்பை யாரோ சரியாகப் பிரித்து, ஒடிந்த ஒரு முனைக்குக் குச்சி வைத்துக் கட்டியிருந்தார்கள். தகரக் கூரையின் விளிம்பு நீளத்துக்குப் பால் கவர் சரம். கதவு நிலையில் மாத்திரை அட்டை மணிகள் காற்றுக்குச் சலசலத்தன. கையுறையையும் ரப்பர் பூட்ஸையும் கழற்றி வைத்த நாலைந்து பெண்கள் கைகால் கழுவிக்கொண்டு அதன் கீழே நின்றார்கள்.

ஜோஸ்பின் கோணிப்பையோடு வண்டியை விட்டு இறங்கினாள். இது சந்தோஷமா அதிர்ச்சியா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

கஸ்தூரி ஓடிவந்தாள். "இன்னாக்கா, நீ இங்க?"

"இதெல்லாம் ஏதுடி?"

"வண்டியில வந்துச்சிக்கா. சாக்கப் பிரிச்சதும் எங்களுக்குக் கையே ஓடல. இவ்ளோ பாத்துப் பாத்து செஞ்சத எவன் தூக்கிப் போட்டான்னு அப்போலேந்து திட்டினு இருக்கோம்."

"எவனுமில்ல, என் புள்ளதான்" என்றாள் மணியம்மாள். "செஞ்சது இவ. என் மருமவ."

கஸ்தூரி நாக்கைக் கடித்துக்கொண்டாள். உடனே ஸ்டூலைப் போட்டு ஏறி நட்சத்திரத்தை அவிழ்க்கப் போனாள். மற்றவர்கள் சரத்தைக் கழற்ற ஆரம்பித்தார்கள். கழற்றுகிற கைகளையே பார்த்துக்கொண்டிருந்த ஜோஸ்பின், "சரத்த விட்டுடுங்க. மணியும் இருக்கட்டும்" என்றாள். "நட்சத்திரமும் குடிலும் போதும் எனக்கு."

குடில் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. ஆடுகளில் பாதிக்குக் கால் இல்லை.

திரும்பும்போது வழியில், "நாளன்னிக்கு எல்லாரும் சாப்பிட வந்துடணும்னு சொல்லிட்டேன்" என்றாள் மணியம்மாள். ஜோஸ்பின் வண்டியை ஓரமாக நிறுத்தி, திரும்பி மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். மன்னிப்பு என்ற சொல் வாயில் வரவில்லை. மணியம்மாளும் அதை எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை. "ஓட்டு, தூறல் போடுது" என்றாள்.

வீட்டில் எழிலரசன் பிளாஸ்டிக் மரத்தைப் பெட்டிக்குள் திரும்ப வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். நட்சத்திரத்தைப் பார்த்ததும் எழுந்து வந்து வாங்கி, விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான். ஒட்டு வெளியே தெரியாமல் பசை போட்ட இடங்களை விரலால் தடவினான். நீண்ட நேரம் பார்த்தான்.

"நிஜமாவே தெரியல ஜோஸ்."

"அதுதான் எனக்குத் தாங்கல" என்றாள்.

மறுநாள் இருவரும் குடிலுக்குப் புதிதாக வைக்கோல் வேய்ந்தார்கள். அவன் கேட்டுக் கேட்டுச் செய்தான். அவள் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள்.

கிறிஸ்துமஸ் அன்று காலைப் பூசை முடிந்து வரும்போதே வாசலில் கூட்டம். கஸ்தூரி தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு நல்ல புடவையில் வந்திருந்தாள். எழிலரசன் ஒவ்வொருவரிடமும், "என் பொண்டாட்டி செஞ்சது, மூங்கில்ல சட்டம், எங்க அம்மா பொடவை" என்று விளக்கிக்கொண்டிருந்தான்.

பிரியாணி பரிமாறிக்கொண்டே ஜோஸ்பின் அதைக் கேட்டாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் அவன் அந்தச் சாக்கை அவிழ்த்துப் பார்த்து, உள்ளே இருந்ததைக் கண்ணால் கண்டு, மறுபடியும் முடிச்சுப் போட்டிருக்கிறான் என்பதை நினைக்கும்போதெல்லாம் அவள் கை ஒரு கணம் கரண்டியோடு அப்படியே நின்றது.