பதினேழு குடம்பிகள்

மொட்டைமாடியில் போத்தலை வைத்துவிட்டு இரண்டு படி இறங்குவதற்குள், தான் செய்தது பெரிய பிழை என்று தாரிகாவுக்கு விளங்கிவிட்டது. கீழேயிருந்து சப்பாத்துச் சத்தம் ஏறி வந்துகொண்டிருந்தது. டெங்குச் சோதனைக்கு வருகிற பி.எச்.ஐ. என்கிற சுகாதாரப் பரிசோதகர் ஒவ்வொரு வீடாகப் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் மொட்டைமாடிக்கு வருவார் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். மனுசன் நேரே மொட்டைமாடிக்கே வந்துகொண்டிருந்தார்.

ஓடிப்போய்த் திரும்ப எடுக்கலாம். எடுத்தால் கையும் போத்தலுமாகப் பிடிபட வேண்டியதுதான். சுவரோடு ஒதுங்கி அவருக்கு வழிவிட்டாள். அவர் சிரித்துக்கொண்டே மேலே போனார்.

அந்தப் போத்தலுக்குள் பதினேழு நுளம்புக் குடம்பிகள், இன்னும் சிறகு முளைக்காத புழுக்கள், தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. எல்லாம் அவள் வளர்த்தவை. பள்ளிக்கூட விஞ்ஞான தினத்துக்கு ‘டெங்கை ஒழிப்போம்’ என்று ஒரு ஸ்டொப் மோஷன் படம் செய்துகொண்டிருந்தாள். சப்பாத்துப் பெட்டி குளமானது. அண்ணாவின் ஹெயார் ஜெல் தண்ணீரானது. மெல்லிய கம்பியில் அம்மாவின் கறுப்பு நூலைச் சுற்றிக் குடம்பிகள் செய்தாள். ஒரு மயிரளவு அசைத்து ஒரு படம், பிறகும் அசைத்து ஒரு படம் என்று பன்னிரண்டு படம் எடுத்தால் ஒரு செக்கன் ஓடும். ஓட்டிப் பார்த்தபோது குடம்பிகள் மண்புழு மாதிரி நெளிந்தன. விஞ்ஞானம் என்றால் கண்ணால் பார்த்துச் செய்ய வேண்டும் என்பது பதினைந்து வயதுத் தாரிகாவின் கொள்கை. ஏ.சி. தண்ணீர் சொட்டுகிற வாளியிலிருந்து உண்மையான குடம்பிகளை அள்ளி, போத்தல் வாயில் நெட் கட்டி, கட்டிலுக்குக் கீழே வைத்தாள். டெங்கை ஒழிப்பதற்காக டெங்கு நுளம்பு வளர்த்த பிள்ளை வெள்ளவத்தையில் வேறு இருக்க நியாயமில்லை.

“இரண்டாம் மாடி ஸமீமாவின்ர மகனுக்கு டெங்காம். இண்டைக்கு பி.எச்.ஐ. வாறாராம்” என்று காலையில் அம்மா சொன்னபோதே எல்லாவற்றையும் ஊற்றிக் கொன்றிருக்கலாம். ஆனால் கூட்டைப் பிளந்துகொண்டு நுளம்பு வெளியே வருகிற கடைசிக் காட்சி இன்னும் எடுக்கவில்லை. ஒரு நாளைக்கு மட்டும் ஒளிக்க இடம் தேடினாள். சந்தேகமே வராத இடமாக இருக்க வேண்டும் என்று யோசித்து, மொட்டைமாடியில் நவரத்தினம் அங்கிளின் பூச்சாடிகளைத் தெரிவு செய்தாள். அங்கிள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு வருடம். ஓய்வுபெற்ற நில அளவையாளர். தினமும் சாடித் தட்டுகளைப் பழைய பெனியனால் துடைப்பவர். போன மாதம் இதே பி.எச்.ஐ. எல்லாருக்கும் முன்னால் அவரைப் பாராட்டிவிட்டுப் போயிருந்தார்.

ஐந்து நிமிடத்தில் மேலேயிருந்து அங்கிளின் குரல் கேட்டது.

“தாரிகா! பிள்ளை, ஒருக்கா ஓடி வா. இவர் சிங்களத்தில என்னவோ சொல்றார்.”

அங்கிளுக்குச் சிங்களத்தில் தெரிந்தது, நல்லது என்கிற ‘ஹொந்தய்’ ஒன்றுதான். கரண்ட் பில்லென்றாலும் காஸ்காரனென்றாலும் அவருக்குத் தாரிகாதான் வாய். அவள் மேலே போனாள். பி.எச்.ஐ. கூப்பிட்டு அவசரமாக வந்த அங்கிள் ஒரு கன்னத்தில் ஷேவிங் நுரையோடு நின்றார். பி.எச்.ஐ. போத்தலை வெயிலுக்குப் பிடித்தபடி, “மேவா ஹதன்னே கவுத, துவ?” என்றார்.

“என்னவாம்?”

“இதுகளை வளர்க்கிறது ஆரெண்டு கேக்கிறார், அங்கிள்.”

“வளர்க்கிறதோ! நானென்ன கோழிப்பண்ணையோ வைச்சிருக்கிறன்? இதைச் செய்தவனைப் பிடிச்சு உள்ள போடச் சொல்லு. ஆறு மாசத்துக்கு வெளியில விடக்கூடாது. சொல்லு பிள்ளை!”

தாரிகா தன் ஆறு மாதத்தைத் தானே கேட்டு வாங்க வேண்டும். தனக்குத் தெரிந்த சிங்களத்திலேயே மிக மென்மையான வசனத்தைத் தேடி எடுத்து, “அங்கிள் மன்னிப்புக் கேட்கிறார்” என்று சொன்னாள்.

பி.எச்.ஐ.யின் முகம் இளகியது. குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர்களை அவருக்குப் பிடிக்கும்போல. பையிலிருந்து படிவப் புத்தகத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

“இப்ப என்ன கேக்கிறார்?”

“உங்கட முழுப் பேர்.”

“ஏன், போன முறை பாராட்டினதுக்குச் சேர்ட்டிபிக்கட் தரப்போறாரோ?”

“கோட்டுக்கு, அங்கிள். வழக்குப் போடப் போறார்.”

அங்கிள் ஒரு சாடியின் விளிம்பில் மெல்ல உட்கார்ந்தார். “எனக்கோ? அறுபத்தெட்டு வயசில நான் போய்க் கூண்டில நிக்கிறதோ? முப்பத்தாறு வருஷம் கவர்மென்ட் வேலை பாத்தனான் பிள்ளை. ஒருத்தனும் என்னை ஒரு சொல் சொன்னதில்லை.”

அவர் குரல் உடைந்ததைத் தாரிகா கேட்டாள். சொல்லிவிடலாம். சொன்னால் கூண்டில் அப்பா நிற்பார். விஞ்ஞான தினத்தில் அதிபர் அவள் பெயரை வேறு காரணத்துக்காக வாசிப்பார். இரண்டாம் மாடியில் ஸமீமா அன்ரி அவளை எப்படிப் பார்ப்பா? நெட் கிழியவில்லை, ஒரு நுளம்பும் வெளியே போகவில்லை என்று சத்தியம் செய்தாலும் யார் நம்புவார்கள்?

“அங்கிள்…” என்று தொடங்கினாள்.

“பொறு, பொறு!” அங்கிள் துள்ளி எழுந்தார். காணி எல்லைகளை அளந்த கண் போத்தலில் பாதி சுரண்டியிருந்த லேபிளைப் பிடித்துவிட்டது. “இது ஜாம் போத்தலல்லோ! எனக்குப் பதினெட்டு வருஷமாச் சீனி வருத்தம். என்ர வீட்டில ஜாம் எண்ட சாமானே இல்லை. வந்து அலுமாரியைத் திறந்து பாக்கச் சொல்லு. அப்பிடியே சொல்லு பிள்ளை, ஒண்டும் விடாமச் சொல்லு!”

இந்த முறை அவள் ஒன்றும் விடவில்லை. பதினெட்டு வருடத்தையும் அலுமாரியையும் சேர்த்துச் சொன்னாள். சொல்லி முடித்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது.

பி.எச்.ஐ.யின் பேனா நின்றது. போத்தலை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு அங்கிளைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். ‘அப்படியென்றால் இந்தக் கட்டடத்தில் ஜாம் சாப்பிடுகிற வீடு எது, மகள்?’ என்று சிங்களத்தில் மிகவும் மெதுவாகக் கேட்டார்.

நவரத்தினம் அங்கிள் அவள் பக்கம் நம்பிக்கையோடு குனிந்தார்.

“என்ன கேக்கிறார், பிள்ளை?”